மச்சாளுக்கு ஒரு சோடி சப்பாத்து

என்ரையை விடுங்கோ பிள்ளை, நான் எதையும் கொழுவிக்கொண்டு நடப்பன். மச்சாளுக்குத்தான் நல்லதாப் பாக்கவேணும். அவவுக்குப் பெருவிரல் எலும்பு கொஞ்சம் வெளியால தள்ளினது. இது இடிக்காதோ? அவ கடையின்ர மேல்மாடியில தொப்பி பாக்கிறா, வந்தோடன இன்னொருக்காப் போட்டுப் பாப்பம்.

இத்தாலிக்குப் பிள்ளை. மலையடிவாரத்தில நடக்கிறது. எட்டுப் பேர், கூட்டிக்கொண்டு போக மரினா எண்டு ஒரு பொம்பிளை. பெட்டியெல்லாம் வான் வண்டியில முன்னுக்குப் போயிடும், நாங்கள் தண்ணிப் போத்தலோட நடக்கவேண்டியதுதான். மத்தியானம் கொடிமுந்திரிகைத் தோட்டத்துக்குள்ள சாப்பாடு. சிரிக்கிறியள் என்ன? இங்க லண்டனில, செவன் கிங்ஸில எங்கட வீட்டிலயும் எல்லாரும் சிரிச்சவை. நடக்கிறதுக்குக் காசு குடுக்கிற முதல் யாழ்ப்பாணத்தான் நானாம். போங்கடா, முந்தி களவா எல்லை கடத்திவிட்ட ஏஜென்சிக்காரனுக்கு என்னத்துக்குக் குடுத்தனீங்கள், நடக்கத்தானே எண்டன்.

ஐயோ, அவ என்ர மனுசி இல்லை. மனுசி வேலைக்குப் போட்டா. இவ என்ர தம்பி பிரதாபன்ர மனுசி, செல்வமலர்.

வரமாட்டன் எண்டுதான் ஒற்றைக்காலில நிண்டவ. முழங்கால் நோகுது, வெள்ளைக்காரரோட என்னத்தைக் கதைக்கிறது எண்டு ஆயிரம் சாட்டு. நான் காலில விழாத குறை. மூண்டாம் நாள் நடைக்கு அவ கட்டாயம் நிக்கவேணும், கண்டியளோ. கொப்பளம் போட்டு இரண்டாம் நாளே அந்த வான் வண்டியில ஏறிக் குந்தியிட்டா எல்லாம் பிழையாப் போடும். அதுதான் உங்களுக்கு இவ்வளவு அரியண்டம் தாறன்.

தம்பி வரேல்லையோ எண்டு கேக்கிறியள். அவனும் அந்த மலையாலதான் நடந்தவன், தொண்ணூற்றொண்டில. அதுவும் சின்னக் குறூப்தான். ஏழெட்டுப் பெடியள், முன்னுக்கு ஏஜென்சிக்காரன்ர ஆள். நான் அப்ப ஜெர்மனியில. எனக்கும் அவனுக்கும் ஒரே முகவெட்டு, அதால என்ர பாஸ்போட்டை அனுப்பி விட்டனான். அப்ப எல்லாரும் அப்பிடித்தானே வந்தவை? அண்ணன்ரையில தம்பி, அக்காவின்ரையில தங்கச்சி. வழியில அவனுக்குக் கடுங்காய்ச்சலாம். ஒரு மாட்டுக்கொட்டிலில படுக்க விட்டிட்டு, பின்னால வாற ஆக்களோட வருவான் எண்டு மற்றவையை இழுத்துக்கொண்டு போட்டாங்கள். பின்னால வந்த ஆக்களோடயும் அவன் வரேல்லை.

தேடாத இடமில்லைப் பிள்ளை. ஆஸ்பத்திரி, மறியற்சாலை, செஞ்சிலுவை எல்லாம் கேட்டம். பிரதாபன் எண்டு ஒருதரும் இல்லை எண்டிட்டினம். மச்சாள் விடேல்லை. அவன் எங்கயோ நினைவு தப்பிப்போய் இருக்கிறான் எண்டு அவவுக்கு ஒரு நம்பிக்கை. இங்க வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில அவன்ர பேர் நட்சத்திரம் சொல்லி அருச்சனை செய்யாத வருசமில்லை. இண்டைக்கும் காலமை குளிச்சுப் பொட்டு வைச்சிட்டுத்தான் தேத்தண்ணி குடிச்சவ.

போன வருசம் என்ர மகள் கௌசி தான் வேலை செய்யிற கந்தோர்ப் பிள்ளையளோட இதே நடைக்குப் போனவள். மூண்டாம் நாள் ஒரு சேர்ச்சைக் கண்டு, பக்கத்துச் சவக்காலைக்குள்ள சும்மா புகுந்து பாத்திருக்கிறாள். அப்பா, உங்கட பேரில இங்க ஒராள் படுத்திருக்கிறார் எண்டு சிரிச்சுச் சிரிச்சுப் படம் அனுப்பினாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

கிருஷ்ணராசா, என்ர பேர்தான். ஊர்ச்சனம் நல்ல சனம் போல, கல்லு வைச்சு, பாஸ்போட்டில கிடந்ததை அப்பிடியே வெட்டுவிச்சிருக்கினம். பிறந்த திகதியும் என்ரதான். செத்த திகதி மட்டும் தம்பியின்ர.

அவனை என்ர பேரில தேடவேணும் எண்டு எங்கள் ஒருதருக்கும் மூளையில படேல்லைப் பிள்ளை.

நான் தனியப் போய்ப் பாத்திட்டு வந்து சொன்னால் மச்சாள் நம்பமாட்டா. அவவே வந்து அந்தக் கல்லைத் தொட்டுப் பாக்கட்டும். மரினா சேர்ச்சில விசாரிச்சுச் சொல்லுவா, அதையும் கேக்கட்டும். இன்னும் நான் ஒண்டும் சொல்லேல்லை. கௌசி கூட்டிக்கொண்டு போகச் சொன்ன ஹொலிடே எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறா. அவவின்ர நெத்திப் பொட்டை அழிக்கப்போறது நான்தானே.

கண்ணைத் துடையுங்கோ பிள்ளை. அந்தா, இறங்கி வாறா.