பச்சைப் பொம்மை மீன்

இல்லண்ணே, படகு வேணாம். உக்காரவும் வேணாம், உக்காந்தா இவ இறங்கி ஏரியைப் பாத்து ஓடிடுவா. இடுப்புலயே இருக்கட்டும். ஞாயிறு தவறாம தூண்டிலோட வருவாரே, நீலத் தொப்பி, டயர் கடைக்காரர்... ஆமா, அவரேதான். அவர் வீட்டுக்காரிதான் நான்.

அய்யோ, அவருக்கு ஒண்ணும் ஆகலண்ணே. கடையில இருக்கார். நான் வந்தது தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க.

எனக்கு வெளி ஆளுங்ககிட்ட பேசவே வராது. பஸ்ல வழி பூரா மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன், இப்ப பாருங்க, நாக்கு ஒட்டிக்கிச்சு.

மீன் விஷயம்தாண்ணே. அவர் கொண்டுவர்ற மீன் வாயில கொக்கி குத்தின ஓட்டையே இருக்க மாட்டேங்குது. கழுவறவ நான்தானே? உதடாவது கிழிஞ்சிருக்கணுமில்ல? ஓ, பக்குவமா கழட்டினா தெரியாதா? சரி. செருப்புல சேறும் இல்லையே? படகுலயே இருந்தா எப்படி ஒட்டும்... அதுவும் சரிதான். அவரும் உங்கள மாதிரிதாண்ணே. நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள பதில் வந்து வாசல்ல நிக்கும். அந்தக் கயித்தை அப்புறம் சுத்துங்களேன். கொஞ்சம் என்னைப் பாத்துப் பேசுங்க.

போன ஞாயிறு வந்தாரா? நிச்சயமா? பெரிய மீனா ஒண்ணு கொண்டுவந்தாரே, விரால் மீனுன்னு. மாட்டிக்கிட்டா முரட்டுக் காளை மாதிரி திமிறுமாம்.

உங்க கண்ணாலயே பாத்தீங்களா? அட, கைவலையில ஏந்தித் தூக்கினதே நீங்கதானா! புழு மாட்டித்தானே பிடிச்சார்? அதானே, புழுவெல்லாம் சின்னப் பசங்க வேலைன்னு வீட்டுலயும் சொல்வார். அப்ப புழுவுக்குப் பதிலா மாட்டற அந்தப் பச்சைப் பொம்மை மீன்தான். வயித்துக்கடியில கொக்கி தொங்குமே, அதைத்தான் கவ்வுச்சா? கொக்கி நல்லா இறங்கிடுச்சா? ஆழமாவா?

வேணாம்ணே, சத்தியமெல்லாம் பண்ணாதீங்க. நீங்களும் புள்ளகுட்டிக்காரர்.

கேட்டுட்டேன், மனசுல இருந்த பாரம் இறங்கிடுச்சு. அவர் இங்க வராம வேற எங்கயோ போறார்னு தெரிஞ்சா இப்படியே அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிடணும்னுதான் வந்தேன். துணிப் பையைக்கூட பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில வெச்சிருக்கேன்.

ஏய், பர்ஸை நோண்டாதடி, கையைக் கிழிச்சிடும்! ஒண்ணுமில்லண்ணே. போன ஞாயிறு அவர் குளிக்கப் போனப்ப அந்தத் தூண்டில் பெட்டியைத் திறந்தேன். பொம்மை மீன், ரப்பர் தவளை, எதையும் விடல. கட்டிங் பிளேயரை எடுத்து எல்லாக் கொக்கி முனையையும் நறுக்கிட்டேன். மொட்டைக் கொக்கியோடதான் அன்னைக்குக் கிளம்பினார். அன்னைக்குத்தான் அவ்வளவு பெரிய மீன். கொக்கி என்னாச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் அவர் ஒரு வார்த்தை கேக்கல.

முனையெல்லாம் இந்தக் காகிதத்துக்குள்ளதான் இருக்கு. கையை நீட்டுங்கண்ணே. பாத்து, இன்னும் கூராத்தான் இருக்கு.