தனியாள் தேவை

எனக்குக் கதவு தட்டப் பிடிக்கும் சார். தட்டிவிட்டு, உள்ளே செருப்புச் சத்தம் கேட்கும்வரை வாசலில் நிற்கும்போது, யார் வருவார்கள், என்ன கேட்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். சம்பளம் சுமார்தான் என்றாலும் இந்த வேலையை விடாமல் இருந்தது அதற்காகத்தான்.

திருநகரில் டாக்டர் தமிழ்வாணி ஒரு உளவியல் ஆய்வு மையம் நடத்துகிறார். அவருடைய ஆய்வுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவன் இந்த ஜெயபாண்டிதான். தூக்கம் வராதவர்கள், பல்லிக்குப் பயப்படுகிறவர்கள் என்று எப்படிப்பட்டவர்களைக் கேட்டாலும் கொண்டுவந்து நிறுத்துவேன். போன வருடம் தனிமையைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. மாதக்கணக்கில் யாரும் வந்து பேசாத, யாரும் போன் செய்யாத பெரியவர்கள் வேண்டும் என்றார். "கெடைச்சிருவாங்க மேடம்" என்று வாய்விட்டுவிட்டேன். மதுரையைப் பற்றிக் கொஞ்சமாவது யோசித்திருக்க வேண்டும்.

அலங்காநல்லூர்ப் பக்கம் ஒருவர் தன்னந்தனியாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். தனியாகத்தான் இருந்தார், ஆனால் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை வைத்திருந்தார். அதைப் பார்க்க ஊரே வந்து போய்க்கொண்டிருந்தது, எனக்கு உட்காரக்கூட இடமில்லை. திருநகரில் ஒரு அம்மாவின் பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அந்தப் பிள்ளைகளே வீடியோ காலில் பதில் சொன்னார்கள். நிஜமாகவே தனிமையில் இருந்த ஒரே ஒருவரை வில்லாபுரத்தில் கண்டுபிடித்தேன். அவர் கதவைத் திறக்காமல், ஜன்னல் வழியாகவே என்னைப் போகச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. தனிமையில் இருப்பவர்கள் தனிமை ஆய்வுக்குச் சரிப்பட மாட்டார்கள். கூப்பிட்டால் வர மாட்டார்கள், வந்தாலும் பேச மாட்டார்கள். நல்ல பங்கேற்பாளர் என்றால் கலகலப்பாக இருக்க வேண்டும், சொன்ன நேரத்துக்கு வர வேண்டும், கேட்டதற்கு மேல் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவரை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, தனிமையைப் பிறகு ஏற்பாடு செய்வதுதான் முறை. நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தாலும் இப்படித்தான் யோசித்திருப்பீர்கள்.

பழங்காநத்தத்தில் காசிமாயன் அண்ணனைப் பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், மனைவி தவறிவிட்டார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் பேச ஆரம்பித்தால் மற்றவர்களின் டீ ஆறிப்போகும். நான் கதவைத் தட்டியதும், "வா மாப்ள, எம்புட்டு நேரமா வெயில்ல அலையுற? மொதல்ல தண்ணியக் குடி" என்றார். யார் என்றுகூடக் கேட்கவில்லை. ஆய்வைப் பற்றி மேலோட்டமாகச் சொல்லி அன்றே சம்மதக் கையெழுத்து வாங்கினேன். இதை வாக்குமூலத்தில் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும் சார். சம்மதம் இல்லாமல் நான் யாரையும் சேர்த்ததில்லை.

நம் ஊரில் ஒருவரைத் தனியாக்குவது பெரிய வேலை இல்லை. அவருடைய தங்கை மகள் பாண்டிமீனாவுக்குக் கல்யாணம் வந்தது. தாய்மாமன் என்ற முறையில் மண்டப வாசலில் பிளக்ஸ் வைக்க வேண்டும் என்று என்னிடம்தான் போட்டோக்களைக் கொடுத்தார். நான் பெண்ணின் அப்பா படத்தை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அண்ணன் படத்தையே கூலிங் கிளாஸோடு இரண்டாவது முறை போடும்படி பிளக்ஸ் கடைக்காரனிடம் சொன்னேன். மண்டப வாசலில் அந்த மனிதர் தன் மனைவியிடம், "எம் மகளுக்கு நான் அப்பனா, ஒங்கண்ணன் அப்பனா?" என்று கேட்டார். தங்கை அன்றோடு பேச்சை நிறுத்தினாள். கடைக்காரன் தப்பு என்று அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "நான் என்ன தப்புச் செஞ்சேன் மாப்ள? அவுக மொதல்ல பேசட்டும்" என்றார். மிச்சத்தை ரோசம் பார்த்துக்கொண்டது.

டீக்கடை நண்பர்களிடம், "நீங்க ஓசி டீ குடிக்கிறீங்கன்னு அண்ணே சொல்றாரு" என்று தனித்தனியாகச் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள், ஏனென்றால் எல்லாரும் ஓசியில்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். மகன் சிவக்குமார் திருப்பூரிலிருந்து தினமும் பேசுவார். தங்கையைச் சமாதானம் செய்ய அப்பா வீட்டைப் பாண்டிமீனா பேருக்கு எழுதப்போகிறார் என்று அவரிடம் சொன்னேன். அப்பாவிடம் ஒரு முறை கேட்டிருக்கலாம். அவரும் கேட்கவில்லை, போன் செய்வதையும் நிறுத்திவிட்டார்.

முன்னேற்றம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வாரம் தவறாமல் போனேன். நன்றாகவே முன்னேறினார். சவரம் செய்வதை விட்டார். டிவியில் செய்தி வாசிக்கும் பெண்ணுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தார். நான் வரும் நாளில் பருத்திப்பால் வாங்கி வைத்துக்கொண்டு கேட்டைப் பிடித்து நிற்பார். எனக்கு அவர்மேல் உண்மையான பாசம் உண்டு.

ஆள் தயார் என்று தெரிந்ததும் மேடத்திடம் அழைத்துப் போனேன். அடிக்கடி யாராவது வந்து பேசுவதுண்டா என்று மேடம் கேட்டார். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம ஜெயபாண்டி வாராப்ல டாக்டரம்மா. அவரு இருக்கையில எனக்கென்ன கொறை?"

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வாரா வாரம் ஒருத்தர் வந்து பேசுறாரே, இவர் எப்படித் தகுதியாவார்?" என்றார். யார் அந்த ஒருத்தர் என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. என் வேலையில் அப்படி ஒரு அவமானம் எனக்கு நேர்ந்ததே இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன், "நான் எதுவும் தப்பாச் சொல்லிட்டேனா மாப்ள?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அதன் பிறகு நான் போவதை நிறுத்தினேன். காரணத்தைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஆய்வின் நோக்கம் பங்கேற்பாளருக்குத் தெரிந்தால் முடிவு கெட்டுவிடும், அது விதி. அவர் போன் செய்வார், நான் எடுக்க மாட்டேன். போகப்போக அதுவும் குறைந்தது.

நீங்கள் கேட்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் விடாமல் அடித்தது. அவர் பெயரைப் பார்த்தேன். குளிக்கப் போகும்போதும் போனைக் கையோடு கொண்டுபோயிருக்கிறார், யாராவது கூப்பிட்டால் எடுக்க வேண்டுமே என்று. வழுக்கி விழுந்து கிடந்தபோதுகூடத் தங்கையையோ மகனையோ கூப்பிடவில்லை, என்னை மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று நீங்களே சொன்னீர்கள். காரணமில்லாமல் அத்தனை முறை அழைக்கிறவர் இல்லை என்று எனக்கும் தெரியும். அவர் வீடு எனக்குப் பக்கம்தான். ஆனால் எடுத்து ஒரு ஹலோ சொல்லியிருந்தால் அது பேச்சு ஆகிவிடும், இத்தனை மாத உழைப்பும் வீண். போனைக் குப்புற வைத்துவிட்டு இன்னொரு இட்லி போட்டுக்கொண்டேன்.

வாடை வந்த பிறகுதான் அக்கம்பக்கத்தார் கதவை உடைத்தார்கள் என்பது எனக்கும் வருத்தம்தான். ஆனால் நான் அவரைக் கைவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள் சார். கடைசி மூச்சு வரை அவரைத் தகுதி இழக்க விடாமல் பார்த்துக்கொண்டவன் நான் ஒருவன்தான்.