மாமன் பாட்டலு

…மூத்திரமுங்க! நாலு சனம் உக்காந்திருக்கற பஸ்ஸுல வாயத் தொறந்து சொல்லவே கூசுது. ஆனா வேற என்ன பேருங்க அதுக்கு? காலேஜி படிக்கற பையன், நோம்பிக்கு ஊட்டுக்கு வந்தவன், அப்பனைப் பாத்து மொத மொதல்ல கேட்ட பொருளு அதுதானுங்க. வேட்டி கேக்கல, சட்டை கேக்கல. "அப்பா, இந்தப் பாட்டல்ல கொஞ்சம் ஒண்ணுக்கு வேணும்"ங்கறான். எங்கூட்டுக்காரரு கையில இருந்த சோத்து வட்டலைக் கீழ வெச்சுப்போட்டு எந்திரிச்சுக் காட்டுக்குப் போனவருதான், பொழுதெறங்கித்தான் ஊடு வந்து சேந்தாரு.

சித்தெ தள்ளி உக்காருங்க அம்முணி. இந்தப் பையை மட்டும் இடிச்சுப்போடாதீங்க, உள்ள பாட்டலு இருக்குது. அது ஒடைஞ்சுதுன்னா எங்குடி முழுகிப்போச்சு… ஆமாங்க, அதே மாதிரிப் பாட்டலுதான். சொல்றேன், சொல்றேன். மல்லசமுத்தரம் வரைக்கும் நான் எங்க போகப்போறேன். நீங்க எங்க எறங்கறீங்க?… ஆட்டையாம்பட்டியா? அப்ப நேரமிருக்குது. வெள்ளைச் சீலை கட்டியிருக்கறீங்களே, டீச்சருங்களா?… நர்சம்மாங்களா! அட சாமி! கழுத்துல சிலுவை தொங்குது, பேரென்னுங்க?… அன்னாளா. நல்ல பேரு. எம்பேரு ஆத்தாயி. நர்சுன்னா உங்ககிட்டக் கூசாமச் சொல்லலாம், நீங்க பாக்காததா.

எம்பையன் சண்முகவேலு, சேலத்துல பி.எஸ்.சி. படிக்கறான். அஸ்தம்பட்டியில ரூம்பு. இப்பவும் அவனைப் பாத்துப்போட்டுத்தான் வாரேன். மொதல்ல எல்லாம் ஒழுங்காத்தானுங்க இருந்தான். ஆசிட்டு பட்டுச் சட்டையில பொத்தல் உழுந்துருச்சும்மான்னு வருவான், தெச்சுக் குடுப்பேன், போட்டுக்கிட்டுப் போயிருவான். இந்த வருசம் புதுசா ஒண்ணு வெச்சாங்களாம், ஜீவ ரசாயனம்னு. அன்னைக்குப் புடிச்சுதுங்க சனி! அதுக்கப்பறம் ஊட்டுல ஒரு பண்டத்தை நிம்மதியாத் திங்க உடறதில்ல. எல்லாத்தையும் காச்சிப் பாக்கோணும். மோருக்குள்ள ஒரு தாளை நனைச்சு, "செவந்துருச்சு பாரும்மா, இது புளிப்பு"ங்கறான். ஏனுங்க, மோரு புளிக்குதான்னு பாக்கத் தாளுங்களா வேணும்? நாக்கு என்னத்துக்கு இருக்குது?

அதாவது பரவால்லீங்க. ஒரு நா ஒரு கிண்ணத்துல சோத்துக் கஞ்சி எடுத்தான். அதுல என்னமோ மருந்தைச் சொட்டுனான், கருநீலமாப் போச்சு. சரி, போகட்டும்னு பாத்தா… அதுக்குள்ளயே எச்சியத் துப்பறானுங்க! துப்பிப்போட்டுக் கிண்ணத்தைக் கையில புடிச்சுக்கிட்டு, என்னமோ கொழந்தைக்குக் காவல் இருக்கற மாதிரி உக்காந்திருக்கறான். சித்த நேரத்துல நீலமெல்லாம் போயிருச்சு. "பாத்தியாம்மா, எச்சி சோத்தைத் தின்னுருச்சு"ங்கறான். ஏண்டா, சோத்தைத் திங்கத்தானே எச்சி! இதுக்குக் காலேஜி வேற, ரூம்பு வேற, மெஸ்ஸு வேற! எங்கூட்டுக் கன்னுக்குட்டிக்குக் கூட இது தெரியுமே!

ஊருல வேற இவன் டாக்டருக்குப் படிக்கறான்னு எவளோ சொல்லி உட்டுட்டா. நாந்தான் சொன்னனோ என்னமோ. ஒருத்தி வெடியால எங்கூட்டு வாசல்ல ஒரு சொம்பு வெச்சுட்டுப் போயிருக்கறா. என்னன்னு பாத்தா எருமையோடதுங்க! செனையா இல்லியான்னு தம்பியப் பாக்கச் சொல்லுன்னு தாக்கல் வேற. எங்கூட்டுக்காரரு அதைப் பாலுன்னு நெனச்சு… அது எதுக்கு இப்ப, உடுங்க.

எங்க உட்டேன்? ஆங், பாட்டலு. அப்பனுது கெடைக்கலீங்களா. வாத்தியாரு சொல்லிப்போட்டாராம், பசங்களுது எல்லாம் ஒரே மாதிரி இருக்குது, வயசானவங்களுது ஆளுக்கொண்ணு கொண்டாங்கடான்னு. இவன் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டுச் செவுத்துல சாஞ்சு உக்காந்திருக்கறான். பெத்த மனசு கேக்குங்களா? "ஏண்டா சாமி, உனக்கு மாமன் இல்லியா"ன்னேன்.

எந்தம்பி சின்னுசாமி, மல்லசமுத்தரத்துல இருக்கறான். கரும்புக்காடு, வெல்லம் காச்சற ஆலை, எல்லாம் உண்டு. அவம்பொண்ணு வசந்தாமணியத்தான் எம்பையனுக்குப் பேசியிருக்குது. வார தை மாசம் கல்யாணம். மருமவன்னா உசுரையே குடுப்பான், ஒண்ணுக்கா குடுக்க மாட்டான்? நானே பாட்டலை எடுத்துக்கிட்டுப் போனேன். ஆனா கூடப் பொறந்தவங்கிட்ட அதை எப்படிங்க வாய் உட்டுக் கேக்கறது? தம்பி பொண்டாட்டி பாப்பாயி கையில குடுத்துக் காதோட காதாச் சொன்னேன். அவ அவங்காதுல சொன்னா. மக்யா நாளு காலையில தூக்குப்போசிக்குள்ள வெச்சு, மேல துண்டு சுத்தி, என்னமோ பழனி தீர்த்தம் மாதிரி கையில குடுத்தான். மருமவன் கேட்டதாச்சேன்னு கழுத்து வரைக்கும் நெப்பியிருந்தானுங்க. பாவம், வெள்ளை மனசு.

அதைக் கொண்டுபோயிக் காச்சுனான் பாருங்க! மயில்துத்தம் மாதிரி நீலமா ஒரு மருந்தாமா. அதுல நாலு சொட்டு உட்டுக் காச்சுனா நீலம் நீலமாவே இருந்தா ஒண்ணுமில்லியாம். சக்கரை இருந்தாப் பச்சையாகுமாம், எச்சா இருந்தா மஞ்சளாகுமாம்… உங்களுக்குத் தெரியாததா. எந்தம்பிது எடுத்த எடுப்புல செங்கல்லுங்க! சூளையில இருந்து அப்பத்தான் எறக்கி வெச்ச செங்கல்லு! வாத்தியாரு ஓடியாந்து, "இப்படி ஒரு செவப்பை நான் பாத்ததே இல்லியே"ன்னு கொழாயைத் தூக்கி வெளிச்சத்துல காட்டுனாராம். பக்கத்துக் கிளாசுப் பசங்கெல்லாம் வரிசையில நின்னு பாத்தாங்களாம். எம்பையனுக்குக் கை குடுத்தாராமுங்க! மாமன் சாகக் கெடக்கறான்னா மருமவனுக்கு யாராவது கை குடுப்பாங்களா? அந்த லூசும் பல்லைக் காட்டிக்கிட்டுக் கை குடுத்திருக்குது.

சரி, பாத்தானா, வாயை மூடிக்கிட்டு இருக்கோணுமில்ல? நேரா பஸ்ஸு ஏறி மல்லசமுத்தரம் போயி, "மாமா, உங்களுதுதான் காலேஜிலயே மொதலு"ன்னு சொல்லிப்போட்டான். அவன் அப்பத்தான் ஒப்புட்டு திங்க உக்காந்தவன். வட்டலைத் தள்ளி வெச்சவந்தானுங்க, அன்னைக்கு இருந்து அவன் நாக்குல இனிப்புப் படல. காலையில வேப்பங்கொழுந்து, மத்தியானம் பாவக்காயி. காப்பியில உப்புப் போட்டுக் குடிக்கறானுங்க! ஆளு எளைச்சு வேட்டி இடுப்புல நிக்கறதில்ல. வெளைஞ்ச கரும்புக்காட்டை உழுதுபோட்டுப் பருத்தி போட்டுட்டான். பக்கத்துக் காட்டு ஆலையில பாகு வாசம் வந்தா மூக்கைப் புடிச்சுக்கிட்டு உள்ள ஓடறான்.

டாக்டரா? ஏன் போகாம, போனானே! அந்த டாக்டரு பாத்துப்போட்டு, "ஒண்ணுமில்ல, போயிட்டு வா"ன்னாரு. இவன் ஊட்டுக்கு வந்து பாப்பாயிகிட்ட உக்காந்து ஓன்னு அழுவறான். "கைய உட்டுட்டாங்க புள்ள… இனி ஒண்ணுமில்லேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க"ன்னு! சக்கரை இருந்தா எறும்பு வரும்னு எவனோ சொன்னான். தெனமும் வேலியோரம் போயிப்போட்டு அங்கயே குத்த வெச்சு எறும்பு வருதான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான். ஒரு எறும்பு எட்டிப் பாக்கல. சந்தோசப்படோணுமா இல்லீங்களா? இவன் என்ன சொல்றான் தெரியுங்களா? "எறும்பே என்னை ஒதுக்கிருச்சுக்கா"ங்கறான். அவங்கிட்ட என்னத்தப் பேசறது?

சிரிக்காதீங்க அம்முணி. இதுக்கு மேலதான் எனக்கு வவுறு எரியுது. போன வெள்ளிக்கெழமை போனேன். வாசல்லயே நிறுத்திப்போட்டான். "அக்கா, எனக்கு இருக்குதுன்னா எம்பொண்ணுக்கும் வரும். உம்பட பையன் படிச்சவன். நாளைக்கு அவளுதையும் காச்சிப் பாத்துத் தள்ளி வெச்சான்னா எம்புள்ள எங்க போவா? கல்யாணம் வேண்டாம். நீயும் இனிமே இங்க வராத"ங்கறான். நான் இடுப்புல தூக்கி வளத்த பையனுங்க அவன்! எம்பொறந்த ஊட்டு வாசல்ல நின்னுக்கிட்டு என்னை வராதங்கறான். உள்ள அந்தப் புள்ள வசந்தாமணி சன்னலைப் புடிச்சுக்கிட்டுக் கண்ணைத் தொடைக்குது. ஒரு வாய் தண்ணி குடிக்காமத் திரும்பி வந்தேன். வழியெல்லாம் அழுதுக்கிட்டுத்தான் வந்தேன்.

பாப்பாயிதான் நல்லவ. புருசங்கிட்டச் சண்டை போட்டு, ஒரே ஒரு தாட்டி மறுக்காப் பாத்துறலாம்னு ஒத்துக்க வெச்சிருக்கறா. எம்பையனும், "டாக்டரு இல்லேன்னு சொல்லியிருக்காரு, எங்கியோ தப்பு நடந்துருக்கும்மா"ன்னு இப்பத்தான் முழிக்கறான். இந்தப் பாட்டலை அவனே ஆசிட்டு ஊத்திக் கழுவி, சுடுதண்ணியில அலாசி, காயவெச்சுப் பஞ்சு அடைச்சுக் குடுத்தான். "அம்மா, இதை யாரும் தொறக்கப்படாது"ன்னு நூறு தாட்டி சொல்லிப்போட்டான். நீலமா வந்துச்சுன்னா தையில கல்யாணம். மறுக்காச் செவப்பாச்சுன்னா எனக்குப் பொறந்த ஊடு இல்ல. அவ்வளவுதானுங்க கணக்கு. அதனாலதான் மடியில வெச்சுக் காப்பாத்திக்கிட்டு வாரேன்.

பாக்கோணுமா? நீங்க நர்சுதானே, பாருங்க. மெதுவா… என்னுங்க இப்படிக் குலுக்கறீங்க? அடியில கெடக்கறதா? சக்கரைங்க. நாட்டுச் சக்கரை. பஸ் ஸ்டாண்டுல வாங்கிப் போட்டேன்… ஏங்க அப்படி முழிக்கறீங்க? எங்கூரு சக்கரை நல்லாத்தான் இருக்கும், இது கடைச் சக்கரை, கொஞ்சம் மண்ணு.

எதுக்கா? சம்மந்தி ஊட்டுக்கு வெறும் போசி குடுப்பாங்களா? உங்க பக்கம் எப்படியோ அம்முணி, எங்க பக்கம் ஒரு ஊட்டுல இருந்து இன்னொரு ஊட்டுக்குப் போசி போச்சுன்னா அது வெறுமையாப் போகாது. மோரு வாங்குன சொம்பைத் திருப்பிக் குடுத்தாலும் நாலு வெண்டைக்காயாவது போட்டுத்தான் குடுப்போம். பொறந்த ஊடா இருந்தாலும் இப்பப் பொண்ணெடுக்கற ஊடாச்சே! அங்க வெறும் பாட்டலை நீட்டுனா என்ன நெனப்பாங்க? போன தாட்டியும் போட்டுத்தான் குடுத்தேன். கொஞ்சந்தானுங்க, ஒரு கை. பாப்பாயி சொன்னா, "உள்ள மருந்து போட்டு அனுப்பியிருக்கறாங்க"ன்னு நெனச்சுச் சின்னுசாமி ஒரு பொட்டுக் கூடக் கீழ சிந்தாம அதுக்கு மேலயே… அவ்வளவு மரியாதைக்காரன்! இந்தத் தாட்டி ஒறவு வேற முறிஞ்சு கெடக்குதா, அதனாலதான் மனசாரக் கால் பாட்டலு நெப்பியிருக்கறேன்.

அட, ஏன் இப்படிச் சிரிக்கறீங்க? சீலைத் தலைப்பை வாயில அடைச்சுக்கிட்டு… என்னுங்க சொல்றீங்க? பஸ்ஸு எரைச்சல்ல ஒண்ணும் கேக்கல… யாரு சக்கரை?… எந்தம்பிக்கு இல்லியா?… பின்ன அந்தச் செங்கல்லு எங்கிருந்து…

ஓ.

எம்படதா.

அட மாரியாத்தா… அப்ப எந்தம்பி சாவ மாட்டானுங்களா? நெசமாவா? அந்த வேப்பங்கொழுந்து… அந்தக் கரும்புக்காடு… உப்புக் காப்பி… ஐயோ எஞ்சாமி! இருங்க, கண்ணைத் தொடைச்சுக்கறேன். அழுகையுஞ் சிரிப்பும் சேந்து வருது… ஆனா ஒண்ணு சொல்றனுங்க. அவ்வளவு பெரிய வாத்தியாரு, கொழாயத் தூக்கிக் காட்டுனாரே, கை குடுத்தாரே, "பாட்டலை யாரு குடுத்தது, உள்ள என்ன இருந்துது"ன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். பெத்தவகிட்டக் கேக்காம என்ன ஜீவ ரசாயனம்? எங்கூட்டுக்காரருக்கு மட்டும் இது தெரியப்படாதுங்க. சாகற வரைக்கும் சொல்லிச் சொல்லியே காட்டுவாரு.

ஏனுங்க, ஏனுங்க… பஞ்சை எதுக்கு எடுக்கறீங்க? சன்னல் வழியாவா கொட்டறது! பின்னாடி உக்காந்திருக்கறவரு மேல… மன்னிச்சுக்கோங்க அண்ணா, சக்கரைதான், தொடைச்சா போயிரும்… தண்ணி ஊத்திக் கழுவறீங்களா? கழுவுங்க, கழுவுங்க, நல்லாவே கழுவுங்க. நீங்க மவராசியா இருப்பீங்க. தையில கல்யாணத்துக்குக் கண்டிப்பா வரோணும், நானே வந்து வெத்தல பாக்கு வெச்சு அழைக்கறேன்.

இப்ப… இப்படியே கொண்டு போறதுங்களா? வெறும் பாட்டலா? சுத்தமா ஒண்ணுமில்லாம? கல்யாணம் கூடி வார நேரத்துல… சகுனம்னு ஒண்ணு இருக்குதுங்களே… அரிசி நாலு மணி போட்டா? ஆகாதா?… பருப்பு?… சரி, சரி, கோவிச்சுக்காதீங்க, கேட்டேன்.

ஆட்டையாம்பட்டியா? அதுக்குள்ளயா! இருங்க அம்முணி, ஓடாதீங்க, ஒரே ஒரு வார்த்தை. சக்கரைதானுங்களே ஆகாது? உப்பு? உப்பு மகாலச்சுமியாச்சே, உப்பு ஒரு கல்லுப் போடலாமுங்களா? அன்னாளம்மா!… கண்டக்டரே, சித்தெ நிறுத்துங்க, அந்த நர்சம்மாகிட்ட ஒண்ணு கேக்கோணும்… அட, திரும்பிப் பாக்கறாங்க. தலைய ஆட்டறாங்க. ஆமான்னு ஆட்டுனாங்களா, வேண்டாம்னு ஆட்டுனாங்களா?… ஏனுங்கண்ணா, நீங்க பாத்தீங்களா? உங்க மேல சக்கரை கொட்டுன நர்சம்மாதான்…

ஆமான்னுதான் ஆட்டுனாங்க.