தழும்பை நிறுத்த வந்த டாக்டர் கார்குழலி

மேடையில் இருக்கும் டாக்டர்மார்களே, எங்கள் கார்குழலி அம்மாவைப் பெற்ற ஜெயவேல் ஐயா அவர்களே, நாற்காலி பத்தாமல் சுவரோரம் நிற்கும் குப்பத்துச் சனங்களே, எல்லாருக்கும் வணக்கம். நான் மனோகரன். விசைப்படகிலேயே கிழவனானவன். எழுத்து தெரியாது. ஆனால் அந்த அம்மா பேசிய ஒரு பேச்சும் மறக்கவில்லை.

லாரிக்குத் தெரியுமா, யாரை அடிக்கிறோமென்று? போன வெள்ளிக்கிழமை எண்ணூர் ரோட்டில் அவரைக் கொண்டுபோய்விட்டதே!

அவர் எங்கள் தெருவுக்கு முதலில் வந்த நாள். கிட்னி கெட்டவர்களிடம் ஊசி போட்டு நூல் துணுக்கு அளவு சதை எடுத்துப் பார்க்கணும் என்றார். புரோக்கரிடம் கிட்னியைக் கொடுத்து ஏமாந்தவர்கள் வாழும் தெரு. சும்மா விடுவார்களா? என் வீட்டுக்காரி கெங்கம்மா மீன் கழுவின தண்ணியை அவர் தலையிலேயே ஊற்றினாள். டாக்டர் முந்தானையைப் பிழிந்துகொண்டே, "இன்னா மீன்க்கா, காரப்பொடியா?" என்று சிரித்தார்.

மறுவாரமும் வந்தார். ஊசிப் பேச்சே இல்லை. பிரஷர் பார்த்துவிட்டுப் போனார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. கடைசியில் கெங்கம்மாவே கேட்டாள், அப்படி என்னதான் தேடுகிறாய் என்று.

கயிறு அறுத்துத் தழும்பேறிய என் உள்ளங்கையை இழுத்துக் காட்டினார். "காயம் பட்டா செல்லுங்க ஓடியாந்து நார் கட்டும்க்கா. ஆறினதும் நிறுத்திடணும். கிட்னில அடிபட்ட செல்லு வா வான்னு கூப்ட்டுகினே கீது. வந்ததுங்களும் கட்டிகினே கீதுங்க. கடைசில கிட்னி பூரா தழும்பு. அந்தக் கூப்பாட்டை எப்டி அடக்கறதுன்னுதான் தேடறேன்."

கெங்கம்மாதான் முதல் ஆளாக ஊசிக்குப் படுத்தாள். அவள் கிட்னி முக்கால்வாசி தழும்பாகியிருந்தது. இப்போது டயாலிசிஸில் இருக்கிறாள். ஆரம்பத்திலேயே பார்த்தால்தான் அந்தக் கூப்பாடு பிடிபடும் என்றார் டாக்டர். ஆரம்பத்தில் இருப்பவன் யார்? எங்கள் மகன் தீபன். கடலில் கேன் தண்ணீரைக் குடிக்காமல் மிச்சம் பிடித்து, மேல்வலி மாத்திரையை டீயோடு முழுங்குவது எங்கள் படகுப் பழக்கம். அவனும் அதைத்தான் செய்தான்; அதிலேயே கிட்னி கெட ஆரம்பித்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை அவனுக்கு ஊசி என்று டாக்டர் நாள் குறித்திருந்தார்.

அவரை மூலக்கொத்தளம் சுடுகாட்டில் விட்டுத் திரும்பும்போது தீபன் சொன்னான், டாக்டரே இல்லை, இனிமேல் எதற்கென்று. நாள் குறித்தவர் போனால் நாளும் போய்விடுமா? வீடு வந்ததும் கெங்கம்மாவிடம் சொன்னேன். படுக்கையிலிருந்து அவன் அம்மாதான் சொன்னாள்: "என் கலீஜ் தண்ணியை வாங்கிகினு சிரிச்சவடா அவ. உனுக்கு ஊசி நோவுதா?"

டாக்டர் சுஜா அம்மா, நீங்கள் அவர் கூடவே வேலை பார்த்தவர். திங்கட்கிழமை கட்டிலைத் தயாராக வையுங்கள். தீபன் வருவான். அவன் பின்னால் எங்கள் தெரு வரும். தேடுவதை நீங்கள் நிறுத்தாதீர்கள். வந்து படுப்பதை நாங்கள் நிறுத்த மாட்டோம்.