மேல் குளத்துக்குப் போன பூட்ஸ்

பூட்ஸ் கழுவுவதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை, ஐயா. அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து என்னைப் படிக்க வைத்தாள். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் வாங்கிய நான், தவளை ஆராய்ச்சியில் சேர்ந்து பேராசிரியரின் பூட்ஸைத் தேய்த்தேன். தேய்ப்பது எங்களுக்குக் கைவந்த கலை.

அதைக் கழுவ ஒரு காரணம் உண்டு. மலையடி ஓடையில் தவளைகளுக்குத் தோலில் பூஞ்சை நோய். மேலே காட்டுக்குள் இருக்கும் குளத்தில் அது இல்லை. ஓடையில் இறங்கிய காலோடு குளத்துக்குப் போனால் நோயும் கூடவே ஏறிப் போகும். அதனால் பூட்ஸை ப்ளீச்சிங் கரைசலில் ஊறப்போட்டு, வெயிலில் சுக்காகக் காயவைத்த பிறகே மேலே போக வேண்டும். அந்த வேலை என்னுடையது.

குளத்துத் தவளையை முதலில் பார்த்ததும் நான்தான். கட்டைவிரல் நகத்தளவு. தொடை இடுக்கில் நீலப் பொட்டு. ஆண் தவளை இரை தேடக்கூடப் போகாமல் முட்டைகளின் மேல் கவிழ்ந்து காவல் இருக்கும். புரட்டிய இலையைப் பழையபடியே மூடி வைத்தேன். சுற்றுவட்டாரம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினோம். அந்த ஒரு குளத்தைத் தவிர வேறெங்கும் அது இல்லை.

கட்டுரை வெளிவந்தபோது தவளைக்குப் பேராசிரியரின் பேத்தி பெயர். எழுதியவர்கள் அவரும், எங்கள் சீனியர் அண்ணனும். கடைசிப் பக்கத்தில், களத்தில் உதவியவர்களுக்கு நன்றி சொன்ன இடத்தில், ஜீப் டிரைவருக்குப் பின்னால் நான்.

பேராசிரியரிடம் போய்க் கேட்டேன்.

"ஏம்மா, கண்ணுல பட்டதெல்லாம் கண்டுபிடிப்பா? அப்படிப் பாத்தா அத மொதல்ல பாத்தது கொக்குதான். வீட்டுல மொத டிகிரி நீ, அதான் இந்த அவசரம். பூட்ஸ் காஞ்சுதா?"

"கொக்குக்கும் ஒரு நன்றி போட்டிருக்கலாம் சார்," என்றார் சீனியர் அண்ணன். "ஜீப்புக்கு முன்னாடி."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் பேராசிரியரின் பூட்ஸை வெறும் தண்ணீரில் அலசினேன். மறதி என்று எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் காய்ந்தால் பூஞ்சை செத்துவிடும். ஆகவே ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தேன். அது போதுமா என்று சந்தேகமாக இருந்ததால், ஓடையில் செத்துக் கிடந்த தவளைகளைப் பொறுக்கி வந்து அதே பைக்குள் போட்டேன். காலையில் அவற்றை அப்புறப்படுத்திவிட்டு, பூட்ஸை வாசலில் ஜோடி சேர்த்து வைத்தேன்.

"சமத்து," என்றார்.

அந்த மழைக்காலம் முழுக்க அப்படித்தான் செய்தேன். என் பூட்ஸை மட்டும் ஒருநாளும் ஊறப்போடாமல் விட்டதில்லை. அந்தக் குளத்துக்கு என் காலால் ஒரு கெடுதலும் போகவில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மழை ஓயும்போது குளத்தில் ஆண் தவளைகள் முட்டைமேல் கவிழ்ந்தபடியே விறைத்துப் போயிருந்தன. தொட்டால் தோல் விரலோடு வந்தது. ஒன்றுகூடக் காவலை விட்டு நகர்ந்திருக்கவில்லை. பேராசிரியர் சேற்றிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். தோளைத் தொட்டுத் தண்ணீர் கொடுத்தேன். பாசாங்கு இல்லை, நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

இதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். "நோய் என் காலோடதான் போயிருக்கும், பொண்ணு மேல தப்பில்ல" என்று அவரே பழியை ஏற்றுக்கொண்டாராம். என்ன பெரிய மனசு என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். ஓர் இனமே அழிந்ததற்குக் காரணம் என்ற இடத்திலும் அவர் பெயர். நான் கடைசிப் பக்கத்தில், விசாரணைக்கு ஒத்துழைத்தவர்களோடு.

மன்னிப்புக் கேட்க வரவில்லை, ஐயா. திருத்தம் கேட்டு வந்திருக்கிறேன். அந்தத் தவளையை முதலில் கண்டவள் நான். இல்லாமல் ஆக்கியவளும் நான்தான். இந்த முறையாவது பெயரைச் சரியாகப் போடுங்கள்.