தாய்மாமன், டபுள் எக்ஸ்எல்

கார்குழலி: தொடாதீங்க! மை காயல... கைய எடுங்க மொதல்ல.

எழிலரசன்: நான் எங்கடி தொட்டேன்? ஃபிலிம் கோணலா வருதான்னு பாத்தேன்.

கார்குழலி: நேத்து இந்த டீ-சர்ட் பிரிண்டிங் மிஷின மாட்ட வந்தவரு படிச்சுப் படிச்சு சொன்னாருல்ல? ஓடும்போது வேடிக்கை பாருங்க, கை மட்டும் வெக்காதீங்கன்னு.

எழிலரசன்: வேடிக்கை பாக்க என்னா இருக்கு? வெறும் வெள்ளையா வருது. ஏன் குழலி, கலரு ஏதாச்சும் அடைச்சுக்கிச்சா?

கார்குழலி: அய்யோ ராமா... மொதல்ல கலரு விழும், அதுக்கு மேல வெள்ளை விழும். பசைப் பவுடர் தூவி சூடு காட்டி, சட்டையில கவுத்துப் போட்டு அழுத்தினா கலரு மேல வந்துரும். ராப்பகலா யூடியூப் பாத்தீங்களே, என்னத்த பாத்தீங்க?

எழிலரசன்: மிஷின் வெல வரைக்கும் பாத்தேன். அதோட மயக்கம் வந்துருச்சு.

கார்குழலி: வாய் மட்டும் குறைச்சலில்ல. அந்த ஏசியக் கூட்டுங்க. கடல் காத்து உள்ள வந்தா பவுடர் கட்டி கட்டியா ஒட்டிக்குமாம்.

எழிலரசன்: இந்த ரூமுக்கு ஏசி! கவிநிலா இருந்தப்ப ஒரு ஃபேனுக்கே எவ்ளோ சண்டை...

கார்குழலி: உஷ்! பேர சொல்றீங்க பாருங்க. மாமா ஹால்ல தான் இருக்காரு.

எழிலரசன்: ...வாய் தவறி வந்துருச்சு.

கார்குழலி: மூணு வருஷமா தவறாத வாய்.

எழிலரசன்: அவ ரூம்ல நிக்கிறேன்ல, அதான். என் தங்கச்சி வேற சாதிப் பையனக் கட்டிக்கிட்டான்னு என்னை வைத்திக்குப்பம் கடலுக்கு இழுத்துட்டுப் போய்த் தலை முழுக வெச்ச மனுஷன் எங்கப்பா. இந்த ரூமப் பூட்டி சாவிய இடுப்புல சொருகிக்கிட்டாரு. மிஷினுக்கு எடம் வேணும்னதும் அவரே தொறந்து விடறாரு... எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

கார்குழலி: எனக்கு மட்டும் என்னாவாம்? அப்பன் இல்லாத பையன், கடல நம்பி இருக்கிற குடும்பம்னு எத்தினி குறை சொன்னாரு அப்ப.

பலராமன்: டேய் எழிலு! மிஷின் ஓடுதா?

எழிலரசன்: ஓடுதுப்பா!

பலராமன்: சத்தத்தையே காணோம்? எங்க மில்லுல ஒரு தறி ஓடுனா தெருக்கோடி வரைக்கும் கேக்கும்.

கார்குழலி: இது சத்தம் போடாத மிஷின் மாமா! நீங்க படுங்க!

பலராமன்: எங்க படுக்கிறது... மில்லு ஆளுங்க மீட்டிங்கு இருக்கு. ஏம்மா குழலி, என் சட்டையில மறுபடியும் மேல் பட்டன் அந்துபோச்சு.

கார்குழலி: போன வாரம் தானே மாமா தைச்சேன்?

பலராமன்: அந்துபோச்சும்மா. நான் என்னா பண்ணுவேன்.

கார்குழலி: ...வெச்சுட்டுப் போங்க, தைக்கிறேன்! ஏங்க, அப்படி என்னா மீட்டிங்கு அது? மில்ல மூடியே வருஷக்கணக்காச்சு. கட்டிப் புரண்டு சண்டை போடுறாங்களா? எப்பப் பாத்தாலும் அந்த மேல் பட்டன்.

எழிலரசன்: வயசானவங்க... சட்டையப் புடிச்சுத் தான் பேசுவாங்க போல. சரி, இந்த ஆர்டர் யாருது?

கார்குழலி: ஃபிளெக்ஸ் கடை இளம்பரிதி அனுப்புனாரு. டிசைன் அவரு பண்றது, அடிச்சுக் குடுக்குறது நாம.

எழிலரசன்: பார்ட்டி யாரு?

கார்குழலி: பேர் சொல்ல வேணாம்னாங்களாம். ஒரு காதுகுத்து. வீட்டுல எல்லாருக்கும் டீ-சர்ட். முன்னாடி குழந்தை படம். முதுகுல அம்மா, அப்பா, அத்தைன்னு அவங்கவங்க உறவு.

எழிலரசன்: முதுகுல எழுதிக்கிட்டுத் தான் சொந்தம்னு காட்டணுமா? என்னா காலம்டா இது.

கார்குழலி: இந்தக் காலம் தான் நமக்கு சோறு போடப் போவுது. சும்மா இருங்க.

எழிலரசன்: நீ அந்தப் படத்தப் பாத்தியா?

கார்குழலி: ...நான் எங்க பாத்தேன். மிஷின்ல ஏத்துனதோட சரி.

எழிலரசன்: கண்ண மூடிக்கிட்டு ஏத்துனியா?

கார்குழலி: இப்ப வருதுல்ல, நீங்களே பாருங்களேன். குனிஞ்சு அடியில இருந்து பாத்தா கலரு தெரியும்.

எழிலரசன்: இந்தத் தொப்பையோட குனியச் சொல்றா பாரு...

கார்குழலி: குனிங்கன்னா.

எழிலரசன்: இரு, இரு... எழுத்து தெரியுது. சு... லோ... சுலோசனா. குழலி! எங்கம்மா பேரு!

கார்குழலி: ஊருல உங்கம்மாவுக்கு மட்டும் தான் அந்தப் பேரா?

எழிலரசன்: இந்தக் காலத்துல எவடி கைக்குழந்தைக்கு சுலோசனான்னு பேர் வெப்பா? செத்துப்போன எங்கம்மா பேர...

கார்குழலி: இன்னும் வருது, பாருங்க.

எழிலரசன்: நெத்தி... கண்ணு... அய்யய்யோ.

கார்குழலி: என்னாங்க?

எழிலரசன்: நிறுத்து! மிஷின நிறுத்து குழலி!

கார்குழலி: நடுவுல நிறுத்துனா மை வர்ற ஹெட்டு அடைச்சுக்கும்!

எழிலரசன்: ஹெட்டு கெடக்குது, எனக்கு மூச்சே அடைக்குது! இது அவ குழந்தைடி! கவிநிலா குழந்தை!

கார்குழலி: மெதுவா...

எழிலரசன்: நம்ம வீட்டு மிஷின்ல... அதுவும் அவ ரூம்லயே...

கார்குழலி: அவ குழந்தைன்னு எப்படி சொல்றீங்க? நாம தான் பாத்ததே இல்லியே.

எழிலரசன்: மூக்கப் பாரு. உரிச்சு வெச்ச மாதிரி அவ மூக்கு. ஆனா இது பழைய படம். இப்ப கீழ ரெண்டு பல்லு வந்துருச்சு, சிரிச்சா...

கார்குழலி: சொல்லுங்க. சிரிச்சா?

எழிலரசன்: இல்ல... இந்த வயசுக்குப் பல்லு வந்திருக்கும்னு...

கார்குழலி: கீழ ரெண்டுன்னு எண்ணி வெச்ச மாதிரி சொல்றீங்க.

எழிலரசன்: எல்லாக் குழந்தைக்கும் கீழ தானேடி மொதல்ல முளைக்கும்!

கார்குழலி: என் கண்ணப் பாத்து சொல்லுங்க.

எழிலரசன்: கண்ணெல்லாம் அப்புறம். ஃபிலிமு சுருங்குது பாரு...

கார்குழலி: ஏங்க!

எழிலரசன்: ...பாத்தேன்.

கார்குழலி: எங்க?

எழிலரசன்: தவளக்குப்பத்துல. டீ-சர்ட் எடுக்கப் போறேன்னு போவேன்ல...

கார்குழலி: அதானே! போனா டீ-சர்ட்டும் வராது, மனுஷன் முகத்துல மட்டும் சிரிப்பு வரும். அவ வாசப்படி மிதிக்க மாட்டேன்னு அப்பா தலையில அடிச்சு சத்தியம் பண்ணுனீங்களே?

எழிலரசன்: மிதிக்கல! தெருவுல தான் நிப்பேன். குழந்தைய அவ வெளியில தூக்கிட்டு வருவா. நின்ன வாக்குல கொஞ்சிட்டு வந்துருவேன்.

கார்குழலி: மழை பேஞ்சா?

எழிலரசன்: அவ குடை புடிப்பா.

கார்குழலி: அடப்பாவி மனுஷா... அந்தத் தெருவுல உங்கள என்னான்னு நெனப்பாங்க?

எழிலரசன்: வட்டி வசூலுக்கு வர்றவன்னு தான். சிரிக்காத! இரு. இந்தக் கவுனு.

கார்குழலி: எந்தக் கவுனு?

எழிலரசன்: படத்துல குழந்தை போட்டிருக்கிறது. மாம்பழ மஞ்சள்ல பச்சை பார்டர்... உன் தலை தீபாவளிப் புடவை இது!

கார்குழலி: மஞ்சள்ல ஆயிரம் புடவை இருக்கும்.

எழிலரசன்: எலி கடிச்சிருச்சுன்னு சொன்ன. நான் போய் எலிப்பொறி வாங்கிட்டு வந்தேன்!

கார்குழலி: அதுல எலி விழுந்துச்சா இல்லியா?

எழிலரசன்: குழலி!

கார்குழலி: சரி, நானும் தான்! வெள்ளிக்கிழமை வீராம்பட்டினம் கோயிலுக்குப் போறேன்னு போவேன்ல... அம்மனக் கும்புட்டுட்டு, அப்படியே அவ வீட்டுக்கு. கோயிலுக்குப் போனது பொய்யில்ல.

எழிலரசன்: அவகூட இனிமே பேச மாட்டேன்னு அப்பா முன்னாடி கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணுனியேடி!

கார்குழலி: பேசல. ஒரு வார்த்தை பேசல. குழந்தைகிட்ட தான் பேசுவேன். "உங்கம்மாவ நேரத்துக்கு சாப்புட சொல்லு"ன்னு சொல்லுவேன். அவ குழந்தைகிட்டயே பதில் சொல்லுவா.

எழிலரசன்: அடேங்கப்பா... நீ வர்றத எங்கிட்ட அவ மூச்சு விடலியே?

கார்குழலி: நீங்க வர்றத எங்கிட்டயும் விடல. யாருகிட்டயும் சொல்லாதன்னு நான் தான் கேட்டுக்கிட்டேன்.

எழிலரசன்: நானும் அதையே தான் கேட்டேன். அழுத்தக்காரி... ரெண்டு பேரையும் ஆட்டி வெச்சிருக்கா.

கார்குழலி: அடுத்தது வருது. குனிங்க.

எழிலரசன்: ...தாய்மாமன்.

கார்குழலி: அந்த ஒரு சட்டை மட்டும் டபுள் எக்ஸ்எல்னு இளம்பரிதி சொன்னாரு.

எழிலரசன்: டபுள் எக்ஸ்எல்லு... என் சைஸு.

கார்குழலி: அவளுக்குக் கூடப் பொறந்தவன் ஒருத்தன் தானே.

எழிலரசன்: இது உன் வேலை!

கார்குழலி: சத்தியமா நானில்ல. காலையில டிசைனத் தொறந்ததும் எனக்கே குப்புனு வேர்த்துப் போச்சு.

எழிலரசன்: படத்தப் பாக்கவே இல்லன்னு சொன்ன?

கார்குழலி: பாத்தேன். நீங்களே பாக்கட்டும்னு விட்டேன். கவிநிலா தான் ஆர்டர் குடுத்திருப்பான்னு நெனச்சேன்.

எழிலரசன்: அவளுக்கு நாம மிஷின் வாங்குனதே தெரியாதுடி. நான் சொல்லல. நீ?

கார்குழலி: நானும் சொல்லல.

எழிலரசன்: அப்ப யாரு?

கார்குழலி: யாரா இருந்தா என்னா? தாய்மாமன் மடியில வெச்சு தான் காது குத்தணும், மாமன் வரலன்னா குத்தவே வேணாம்னு அவ ஒத்தக் காலுல நிக்கிறா. அந்தக் குழந்தை இன்னும் மூளிக்காதோட இருக்கு. நீங்க போறீங்களா இல்லியா?

எழிலரசன்: என்னால முடியாது குழலி. தெருவுல ஒளிஞ்சு நிக்கிறது வேற. பந்தல்ல, அத்தினி பேருக்கு முன்னாடி மடியில வெச்சு உக்காந்தா... சாயங்காலத்துக்குள்ள அப்பா காதுக்கு வந்துரும். ஏற்கெனவே ஸ்டென்ட்டு வெச்ச நெஞ்சு. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா?

கார்குழலி: அப்ப இந்தச் சட்டைய யாரு போடுறது?

எழிலரசன்: எனக்கு ஆசையில்லன்னு நெனக்கிறியா? அது என்னைப் பாத்து ரெண்டு கையையும் நீட்டுது. தூக்கிட்டு திரும்பக் குடுக்கும்போது உயிரே போவுதுடி எனக்கு. எங்கம்மா இருந்திருந்தா என் காதப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பா.

கார்குழலி: ...அழாதீங்க. மை மேல பட்டுரும்.

எழிலரசன்: அழல. ஏசி கண்ணுல அடிக்குது.

பலராமன்: என்னடா குசுகுசுன்னு? முடிஞ்சுதா இல்லியா?

எழிலரசன்: இல்லப்பா! இன்னும்... இன்னும் இருக்கு!

கார்குழலி: ஃபிலிம மறைங்க!

எழிலரசன்: எங்கடி மறைக்கிறது, ஈரமா கெடக்கு! அவரு இதப் பாத்தாரு... மிஷின் தெருவுல, நாமளும் தெருவுல.

கார்குழலி: இருங்க, இன்னும் ஒண்ணு வருது. நான் பாக்குறேன்... தா... தாத்தா.

எழிலரசன்: தாத்தாவா? அவ புருஷன் தமிழ்மாறனோட அப்பாவுக்கு இருக்கும்.

கார்குழலி: அவருக்கு அப்பா ஏதுங்க? அவரு சின்னப் பையனா இருக்கும்போதே கடலோட போயிட்டாரே. அத வெச்சுத் தானே மாமா குறை சொன்னாரு.

எழிலரசன்: சித்தப்பா, பெரியப்பா யாராச்சும்...

கார்குழலி: ஒரு அம்மா, ஒரு பையன். அவ்ளோ தான் அந்த வீடு.

எழிலரசன்: அப்ப... தாத்தான்னா யாரு?

கார்குழலி: ஏங்க... கதவு.

எழிலரசன்: அப்பா!

கார்குழலி: மாமா! உள்ள வராதீங்க, தூசி ஆவாது...

பலராமன்: கால கழுவிட்டுத் தான் வர்றேன். என்னா ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?

எழிலரசன்: அப்பா, இது வேற யாரோ பார்ட்டி... எங்களுக்கு ஒண்ணும் தெரியாது...

பலராமன்: தள்ளுடா.

எழிலரசன்: நெஞ்சுப்பா... மொதல்ல உக்காரு. நான் சொல்றேன், எல்லாத்தையும் சொல்றேன்...

கார்குழலி: மாமா, கையெடுத்துக் கும்புடுறேன், மிஷின ஒண்ணும் பண்ணிடாதீங்க.

பலராமன்: இது ஏன் வெள்ளையா இருக்கு?

கார்குழலி: கலரு... கலரு அடியில மாமா. குனிஞ்சு பாத்தா தான் தெரியும்.

பலராமன்: நான் குனிய வேணாம். என்னா இருக்குன்னு எனக்குத் தெரியும்.

எழிலரசன்: ...அப்பா?

பலராமன்: இதெல்லாம் எதுல அழுத்துவீங்க?

கார்குழலி: இந்த... இந்த டீ-சர்ட்ல தான் மாமா.

பலராமன்: தலை வழியா மாட்டுறதா? எல்லாருக்குமே அதானா?

கார்குழலி: ஆமா மாமா... எல்லாருக்கும்.

பலராமன்: அது சரிப்படாதும்மா. அந்தத் தாத்தா சட்டைய மட்டும் பட்டன் வெச்சதுல அடிச்சுக் குடு. புடிச்சு இழுக்க மேல் பட்டன் இல்லன்னா அவ என் மடியில தங்க மாட்டா.