ஆர் முதல்ல எழும்புறது

— இல்ல அத்தான், போன்ல சும்மா "ஒண்டும் செய்யேல்ல" எண்டு சொல்லாதேங்கோ. காலமை எழும்பினதில இருந்து செய்ததெல்லாத்தையும் ஒழுங்காச் சொல்லுங்கோ. பிழை தேடுறதெண்டா அப்பிடித்தான் தேடோணும் எண்டு நீங்கள்தானே எனக்குப் பழக்கினீங்கள்.

— எழும்பினனான். முகம் கழுவினனான். மாட்டை அவிட்டு விட்டனான். தேத்தண்ணி வச்சனான். சோறு வச்சனான். கறி வைக்கேல்ல. லப்டொப்பைத் திறந்தனான். உங்கட மீன்பிடிச் சங்கத்துப் புரோகிராமில கை வைக்கேல்ல, மதுஷி.

— ஏன் கறி வைக்கேல்ல?

— அதுக்கும் இதுக்கும் என்ன?

— ஒண்டும் விடாமச் சொல்லச் சொன்னனான், அதுதான் கேக்கிறன்.

— நான் கறி வைக்கிறேல்ல. சம்பலோட தின்னுறன். ஸ்கிரீன்ல என்ன நிக்குது, அதைச் சொல்லு.

— "தொடங்குகிறது" எண்டு நிக்குது. காலமை கரண்ட் போய் வந்ததில இருந்து இதுதான். நிப்பாட்டி நிப்பாட்டிப் போட்டுப் பாத்திட்டன். பிழை எண்டும் சொல்லுதில்ல. சோளகக் காத்து திடீரெண்டு பலக்குமாம் எண்டு வானிலைக் கந்தோரில இருந்து சொல்லிப்போட்டாங்கள், அத்தான். எங்கட பேசாலைப் போட் எல்லாம் கடலுக்குள்ள நிக்குது. போன் எட்டாது. இந்தப் புரோகிராம் அனுப்பினாத்தான் அவையின்ர போட்டில இருக்கிற சற்றலைட் பெட்டியில மணி அடிக்கும்.

— உன்ர அப்பா?

— அவரும்தான். எல்லாரையும் விடத் தூரத்தில நிக்கிற போட் அவரின்ரது. காத்து இழுத்தா இந்தியப் பக்கம்தான்.

— பழைய கொம்பியூட்டர் எங்க?

— பாலர் பாடசாலைக்குக் குடுத்தாச்சு. போன கிழமைதானே புதுசு வந்தது. நீங்கள் இதில போட்டுத் தந்த அண்டைக்கு நல்லாத்தானே எழும்பினது.

— அண்டைக்கு எங்கட நல்ல காலம். பொறு, புரோகிராம் எந்த இடத்தில நிக்குதெண்டு இஞ்ச இருந்து பாக்கிறன்... ஓம். ரெண்டு த்ரெட் ஒண்டை ஒண்டு பாத்துக்கொண்டு நிக்குது.

— எனக்கு விளங்கிற மாதிரி.

— த்ரெட் எண்டா ஒரு வேலையாள் எண்டு வை. மணி அடிக்கிற கிளாஸ், அதாவது புரோகிராமின்ர அந்தத் துண்டு, உன்ர அக்கா எழுதினது. போட் எங்க நிக்குதெண்டு பாக்கிற கிளாஸ் நான் எழுதினது. ஒருத்தன் றொஷேலின்ரய எழுப்புறான், மற்றவன் என்ரய எழுப்புறான். ஒரு கிளாஸ் எழும்பி முடியுமட்டும் அது பூட்டுத்தான், வேற ஆரும் உள்ளுக்க போகேலாது. அவளின்ரது பாதியில என்ரயக் கேக்குது. என்ரது பாதியில அவளின்ரயக் கேக்குது. ரெண்டு பேரும் தங்கட பூட்டுத் திறப்பை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, மற்றவன் முதல்ல திறக்கட்டும் எண்டு நிக்கிறாங்கள்.

— எவ்வளவு நேரம் நிப்பாங்கள்?

— கரண்ட் போகுமட்டும்.

— பழசில ஏன் இப்பிடி வரேல்ல?

— அது மெதுவானது. ஒருத்தன் எழும்பி முடிஞ்ச பிறகுதான் மற்றவன் வருவான். இது வேகம், ரெண்டு பேரும் ஒண்டாப் பாயுறாங்கள். பிழை அப்பவும் உள்ளுக்க கிடந்ததுதான். என்ரது ஆயத்தமா இருக்கும் எண்டு அவள் எழுதினாள். அவளின்ரது ஆயத்தமா இருக்கும் எண்டு நான் எழுதினன்.

— எங்கட வீட்டுக் கதை போல கிடக்கு.

— மதுஷி.

— நீங்கள் திருத்துங்கோ, நான் கதைக்கிறன். கதைக்காட்டி அப்பாவின்ர போட்டைத்தான் நினைப்பன். அடம்பன் ஊர்ச் சைவப் பெடியனக் கட்டிக்கொண்டு போனவள், அவள்தான் முதல்ல படியேறோணும் எண்டு அப்பா நிண்டார். அப்பா ஒருக்காக் கூப்பிடட்டும் எண்டு அக்கா நிண்டாள். ரெண்டு வரியம். பிறகு அந்த வான் ரோட்டில அவளை அடிச்சது. இப்ப நீங்களும் அப்பாவும் நிக்கிறீங்கள்.

— நான் ஆரோடயும் கோவமில்ல.

— அக்கா கடைசியா என்ன சொன்னவள் எண்டு அவருக்குத் தெரியோணும். அது ஒண்டுதான். என்னட்டக் கேட்டுக் கேட்டுச் சாகுறார். நேர அத்தானிட்டக் கேளுங்கோவன் எண்டா, அவன் வந்து சொல்லட்டும் எண்டுறார்.

— அவர் கேக்கட்டும்.

— பாத்தீங்களோ.

— நீ ஸ்கிரீனைப் பாரு.

— பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். கரைக்கு வந்தோடன, கட்டிக்குடுத்த மகளுக்கெண்டு ஒரு கோர்வை மீன் ஒதுக்கிறது எங்கட ஆக்களின்ர வழக்கம். பேச்சுவார்த்தை இல்லாத அந்த ரெண்டு வரியமும் அவர் ஒதுக்கினவர், தெரியுமோ? ஆரும் எடுக்க வராமப் பூனைக்குப் போகும். நான் அக்காவுக்குச் சொன்னனான். இப்பவும் ஒதுக்கிறார், அத்தான். அவள் செத்து வரியம் ஒண்டாகப் போகுது. அண்டைக்குக் கந்தோருக்கு வெளிக்கிடேக்க அவள் ஒண்டுமே சொல்லேல்லயோ?

— கொஞ்சம் பேசாமல் இரு. என்ர கிளாஸ் எழும்பேக்க அவளின்ரயக் கேக்கிற வரியை எடுத்துப்போட்டன். அது தனிய எழும்பட்டும். கேக்கிறதை எழும்பின பிறகு கேக்கட்டும்.

— அப்ப உங்கட ஆள் விட்டுக்குடுத்திட்டான்.

— ஆரோ ஒருத்தன் மற்றவனைப் பாத்துக்கொண்டு நிக்காமல் எழும்பத்தானே வேணும். இப்ப போடு.

— போட்டன். "தொடங்குகிறது".

— பொறு.

— இன்னும் "தொடங்குகிறது". அத்தான், இஞ்ச ஜன்னல் அடிக்குது. காத்து வந்திட்டுது.

— பொறு எண்டுறன்.

— வந்திட்டுது. போட் எல்லாம் தெரியுது.

— அனுப்பு.

— அனுப்பீட்டன். மாதாவே. ஒண்டொண்டாப் பச்சை வருது, அவைக்கு மணி கேட்டிட்டுது. அப்பாவின்ரது வரேல்ல.

— தூரத்தில நிக்கிறார், சுணங்கும்.

— வரேல்ல, அத்தான்.

— பாத்துக்கொண்டு இரு.

— பச்சை. பச்சை வந்திட்டுது. திரும்புறார்.

*

— அத்தான், மதுஷி. கரையில நிண்டு எடுக்கிறன். எல்லாரும் கரையேறீட்டினம். அப்பா நனைஞ்சு போய் வந்தவர். மணி அடிப்பிச்சது நீங்கள் எண்டு சொன்னனான். மீன் பிரிச்சுக்கொண்டு நிக்கிறார்.

— கோர்வை ஒதுக்கினவரோ?

— ஓம். வழமை போல. போனை வைக்கட்டோ அத்தான்?

— வையாத. போனை அவரிட்டக் குடு.

— வாங்க மாட்டார்.

— காதில பிடி.

— ...பிடிச்சிருக்கிறன். கதையுங்கோ.

— மாமா, நான் நிதர்சன்.

— ம்.

— றொஷேல் அண்டைக்குக் கந்தோருக்குப் போகேல்ல.

— என்ன கதை தம்பி இது? பிள்ளை அடிபட்டுக் கிடந்தது தள்ளாடிச் சந்தியில. கந்தோருக்குப் போற ரோட்டெல்லோ அது.

— பேசாலைக்கு வாறதும் அந்த ரோட்டாலதான், மாமா. உங்களிட்ட வெளிக்கிட்டவள். சொன்னா நீங்கள் தாங்கமாட்டீங்கள் எண்டு நான் வாய் திறக்கேல்ல.

— என்ன சொல்லிப்போட்டு வெளிக்கிட்டவள்?

— நான் அடுப்படியில நிண்டனான். சட்டியை அடுப்பில வைக்கப் போனனான். அவள் ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு வாசல்ல நிண்டு சொன்னவள், "அப்பா வரமாட்டார், நான் போறன். கறி ஒண்டும் வையாதேங்கோ. மீனோட வாறன்."